கதாநாயகனைக் கெடுத்த ரசிகர்கள்!

அமெரிக்காவில், நியூ மெக்சிகோ மாகாணத்தில், ஆல்புகர்க் என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கே ஒரு தெருவில் ஒரு சாதாரண வீடு. மாடிகூட இல்லாத வீடு. அதில் ஒரு குடும்பம் பல காலமாக வசித்து வந்தது.

அந்த வீட்டுக் கூரைமேல் ஒரு நாள் பீட்சா ஒன்று வந்து விழுந்தது! பிறகு இன்னொன்று. பிறகும் ஒன்று!

பீட்சா என்றால் நம் ஊர்க் கடைகளிலும் இப்போது கிடைக்கிறதே, அந்த வட்ட ரொட்டிதான். சாப்பிடுகிற பண்டம். எறிகிற பண்டம் அல்ல.

எறிந்தவர்கள் யார்? அந்தக் குடும்பத்துக்கு வேண்டாதவர்களா? இல்லை. அவர்கள் ரசிகர்கள்!

வாத்தியார் கதை

'பிரேக்கிங் பேட்' என்று ஒரு டெலிவிஷன் தொடர்கதை. 2008-ம் ஆண்டு முதல் 2013-ம் ஆண்டு வரை அமெரிக்காவில் ஒளிபரப்பானது. மொத்தம் 62 பகுதிகள். அதை உருவாக்கியவர் வின்ஸ் கில்லிகன். கதாநாயகன் குடியிருக்கும் வீடாக அதில் காட்டப்பட்டது, மேலே சொன்ன ஆல்புகர்க் வீடுதான்.

கதை இது. வால்ட்டர் ஒயிட் என்று ஒரு ரசாயன வாத்தியார். வயது 50. பள்ளிக்கூடச் சம்பளம் போதவில்லை. பள்ளி விட்டதும் கார் கழுவும் இடத்தில் வேலை செய்கிறான். மனைவி ஸ்கைலர் கர்ப்பிணி. மகன் ஊன்றுகோல் ஊன்றி நடக்கிறவன். இந்த நிலையில் வால்ட்டருக்கு நுரையீரலில் புற்றுநோய்!

தான் போய்விட்டால் குடும்பம் என்ன ஆகும் என்று நினைக்கிறான். படித்த ரசாயனத்தை வைத்துப் போதை மருந்து காய்ச்சத் தொடங்குகிறான். பழைய மாணவன் ஒருவன் அவனுக்குக் கூட்டாளி.

யாருக்குத்தான் இரக்கம் வராது? பார்த்தவர்களுக்கு வந்தது. அதில் தப்பு இல்லை. பிரையன் கிரான்ஸ்டன் என்ற நடிகர் அந்த வாத்தியாராகவே வாழ்ந்து காட்டினார்.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. பழைய சிநேகிதர்கள் வந்து, வைத்தியச் செலவைத் தாங்களே ஏற்பதாகச் சொல்கிறார்கள். வேண்டாம் என்கிறான். எல்லாம் வீம்பு! பிறகு பொய்மேல் பொய். ஒரு பெண் தன் கண்முன்னே மூச்சுத் திணறிச் சாவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவளைக் காப்பாற்றியிருக்கலாம். காப்பாற்றவில்லை. ஒரு சிறுவனுக்கு விஷம் வைக்கிறான். ஆட்களைக் கொல்கிறான். எல்லாம் குடும்பத்துக்காக என்கிறான்.

மனைவிமேல் கோபம்!

மனைவிக்கு விஷயம் தெரிகிறது. வீட்டை விட்டுப் போ என்கிறாள். கைக்குழந்தை வைத்திருக்கும் தாய் வேறு என்ன சொல்வாள்? ஒரு நாள் அவன் பீட்சா வாங்கிக்கொண்டு சமாதானம் பேச வருகிறான். அவள் உள்ளே விட மறுக்கிறாள். வந்த ஆத்திரத்தில் பீட்சாவைத் தூக்கி எறிகிறான். அது கூரைமேல் போய் விழுகிறது. 2010-ல் வந்த காட்சி அது.

ஸ்கைலரும் குற்றமே செய்யாதவள் அல்ல. பின்னால் வேறு ஒருவனோடு பழகுகிறாள். புருஷனுடைய கள்ளப் பணத்தை நல்ல பணமாகக் காட்டக் கணக்கும் எழுதுகிறாள். இருந்தாலும், ஆரம்பத்தில் அவள் தடுத்தாளே, அது நியாயம். எந்த வீட்டிலும் அது நியாயம்தான்.

ரசிகர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை! அவள் ஓயாமல் நச்சரிக்கிறாள் என்றார்கள். விஷம் வைத்தவன்மேல் கோபம் இல்லை. கூடாது என்று சொன்னவள்மேல் கோபம்! அவளைத் திட்டுவதற்கென்றே பேஸ்புக்கில் பக்கங்கள் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் அதில் சேர்ந்தார்கள்.

கோபம் கதையோடாவது நின்றதா? ஸ்கைலராக நடித்த அன்னா கன் மேலும் பாய்ந்தது. அவர் எங்கே இருக்கிறார், கொல்ல வேண்டும் என்கிற அளவுக்கு ஒருவர் எழுதினார். சம்பளத்துக்கு நடிக்க வந்த ஒரு பெண்ணுக்கு உயிர்ப் பயம்!

2013 ஆகஸ்டு மாதம் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையில் அன்னா கன் ஒரு கட்டுரை எழுதி, இதை எல்லாம் வெளியே சொன்னார். ஸ்கைலர்மேல் வந்த வெறுப்பு, மனைவி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று அந்த ரசிகர்கள் மனதில் வைத்திருந்த எண்ணத்திலிருந்து வந்தது என்பது அவர் கருத்து. அதே வேஷத்துக்காக 2013-லும் 2014-லும் அவருக்கு எம்மி பரிசு கிடைத்தது.

பக்கத்து நாற்காலிக்காரர்

இதன் பலன் என்ன? வால்ட்டரை இரக்கத்தோடு பார்த்த மற்றவர்களுக்கும் அவனைக் கண்டால் கசக்கத் தொடங்கிவிட்டது.

இது எப்படி நடக்கிறது? ஒருவர் நாடகம் பார்க்கிறார். மேடையில் ஒரு மனிதன் படிப்படியாகக் கெட்டுப் போகிறான். பார்ப்பவருக்கு நெஞ்சு அடைக்கிறது. அந்த நேரத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் விசில் அடிக்கிறார். "சபாஷ், அப்படிப் போடு!" என்கிறார். மறுநாள் அதே நாடகத்தைப் பார்த்தாலும், மேடைப் பேச்சு காதில் விழுவதில்லை. அந்த விசில்தான் விழுகிறது. கதையில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. 62 பகுதிகளும் அப்படியேதான் இருக்கின்றன. ஆனாலும் பால் திரிந்துவிட்டது.

பெற்ற தாய்க்கே பிள்ளைமேல் வெறுப்பு வந்ததுபோல, எழுதியவருக்கே அந்தக் கசப்பு வந்தது! தொடர் முடிந்து பல ஆண்டுகள் கழித்து, 2022-ல் வின்ஸ் கில்லிகன் பேட்டி கொடுத்தார். காலம் போகப் போக வால்ட்டர்மேல் தமக்கு இருந்த அனுதாபம் குறைந்துவிட்டது என்றார். ஸ்கைலர்மேல் வந்த வெறுப்பு தமக்கும் வேதனை தந்தது என்றார். 2025 பிப்ரவரியில் எழுத்தாளர் சங்க விருது விழாவில் இன்னும் ஒரு படி மேலே போனார். இப்படிப்பட்ட கெட்டவனைப் படைத்ததற்காகப் புகழப்படுவதைவிட, நாலு பேருக்கு உற்சாகம் தரும் நல்லவன் ஒருவனைப் படைத்ததற்காகப் புகழப்படுவதையே விரும்புவேன் என்ற பொருளில் பேசினார்.

எழுத்தாளர்கள் தாங்கள் படைத்த ஆளிடம் மாட்டிக்கொள்வது புதிதல்ல. துப்பறியும் ஷெர்லக் ஹோம்ஸை எழுதிய கோனன் டாயில், 1893-ல் அவனைக் கொன்றே போட்டார். வாசகர்கள் திட்டிக் கடிதம் எழுதினார்கள். கடைசியில் 1903-ல் அவனுக்கு மறுபடி உயிர் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் ஹோம்ஸைப் பார்த்து யாரும் எவரையும் கொல்லத் தேடவில்லை.

வால்ட்டர்மேல் பழி போடலாமா?

ரசிகர்கள் செய்ததற்குக் கற்பனை ஆள் என்ன செய்வான் என்று சிலர் கேட்பார்கள். கேள்வி சரிதான். ரசிகர்கள் முகத்தைப் பார்த்து அந்தத் தொடரையே குப்பை என்று ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது அநியாயம். முதல் பகுதியில், நோய்ச் செய்தியைக் கேட்டுவிட்டு வாய் பேசாமல் உட்கார்ந்திருக்கும் வாத்தியாருக்காக வருந்துவதில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் கில்லிகன் கதையிலேயே பதிலை வைத்திருக்கிறார். கடைசிப் பகுதியில் வால்ட்டர் மனைவியிடம் வருகிறான். குடும்பத்துக்காக என்று இத்தனை நாள் சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்கிறான். எல்லாம் தனக்காகச் செய்ததுதான், அது தனக்குப் பிடித்திருந்தது என்கிறான். அவனே ஒப்புக்கொண்டுவிட்டான். அவனுடைய ரசிகர்கள்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை!

கூரைமேல் பீட்சா எறிந்தவர்கள் எந்தக் காட்சியை எடுத்துக்கொண்டார்கள் பாருங்கள். அந்தக் கடைசி வாக்குமூலத்தை அல்ல. மனைவி கதவைச் சாத்தியபோது வந்த ஆத்திரத்தை!

2015-ல் கில்லிகன் அவர்களை வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். அதில் புதுமையும் இல்லை, வேடிக்கையும் இல்லை, அங்கே குடியிருப்பவர்கள் நல்லவர்கள், விட்டுவிடுங்கள் என்ற பொருளில் சொன்னார். எல்லோரும் கேட்கவில்லை. படம் எடுக்க வந்தவர்கள் வாசல்வரை வந்தார்கள். ஞாபகத்துக்கு என்று தோட்டத்துக் கல்லைத் தூக்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. கல்லை வைத்து என்ன செய்வார்களோ!

2017-ல் அந்தக் குடும்பம் வீட்டைச் சுற்றி உயரமான இரும்பு வேலி போட்டது. 2025 தொடக்கத்தில் வீடு விற்பனைக்கு வந்தது.