கூலி வாங்கினால் பந்தயம் இல்லையா?

மார்கழிப் பனியைத் தவிர வேறு பனியை அறியாதவர்கள் நாம். செங்கல்பட்டுச் சீமையில் நடவு நடும் தாய்மாருக்கும், ஆலையில் இரவு ஷிப்டு முடித்துவரும் தோழர்களுக்கும் ஐரோப்பியப் பனிச்சறுக்குப் பந்தயத்தின் கதை எதற்கு? காரணம் உண்டு. அந்தக் கதை நம் மாமல்லபுரம் கடற்கரை வரை வருகிறது.

1924-ல் பிரான்ஸ் நாட்டு ஷாமோனி என்ற மலையூரில் 16 நாடுகள் கூடி முதல் குளிர்கால ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. விளையாட்டால் காசு சம்பாதிப்பவன் ஒலிம்பிக்கில் சேரக்கூடாது என்பது அன்றைய சட்டம். அதற்கு ‘அமெச்சூர்’ தர்மம் என்று பெயர். வேலை செய்யாமலே சோறு கிடைப்பவனுக்குத்தானே இந்தத் தர்மம் கட்டும்? இங்கிலாந்தில் ஹென்லி படகுப் பந்தயக்காரர்கள் 1879-லேயே ஒளிவு மறைவின்றி எழுதிவைத்தார்கள்: மெக்கானிக், கைத்தொழிலாளி, கூலியாள் எவரும் அமெச்சூர் ஆகமாட்டார்!

1936-ல் ஹிட்லரின் ஜெர்மனியில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. சம்பளத்துக்குப் பனிச்சறுக்கு கற்பித்த வாத்தியார்களுக்கு அங்கே இடமில்லை என்றார்கள். சறுக்கக் கற்றுக்கொண்ட சீமான் உள்ளே, கற்றுக்கொடுத்தவன் வெளியே! ஆஸ்திரிய, ஸ்விஸ் வீரர்கள் அந்த மலைச்சறுக்குப் பந்தயத்தைப் பகிஷ்கரித்தார்கள்.

ஐரோப்பியத் தொழிலாளர்கள் அதற்கு முன்பே கைகட்டி நிற்கவில்லை. 1925-ல் ஜெர்மனியின் ஷ்ரைபர்ஹாவிலும், 1931-ல் ஆஸ்திரியாவின் மூர்ட்சுஷ்லாகிலும் தங்கள் சொந்தக் குளிர்கால ஒலிம்பியாடை நடத்தினார்கள். தேசக்கொடிகளின் இடத்தில் செங்கொடி பறந்தது. 1933-ல் ஹிட்லர் ஜெர்மன் தொழிலாளர் விளையாட்டுச் சங்கங்களைக் கலைத்தான். ஆனாலும் 1937-ல் செக்கோஸ்லோவாக்கியாவில் அந்தப் பந்தயம் மீண்டும் நடந்தது.

ஒலிம்பிக்கின் அமெச்சூர் தடை 1970-களிலும் 1980-களிலும்தான் படிப்படியாகத் தளர்ந்தது. இப்போது நம் கரைக்கு வருவோம். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவர் குப்பத்துப் பிள்ளைகள் பலகை ஏறி அலையில் சறுக்குகிறார்கள். வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுத்துக் கூலி வாங்குகிறார்கள். பழைய சட்டம் இருந்தால் இவர்களுக்கும் கதவு சாத்தப்பட்டிருக்கும். 2021-ல் டோக்கியோவில் அலைச்சறுக்கு ஒலிம்பிக்கில் சேர்ந்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் பந்தயம் மாமல்லபுரத்திலேயே நடந்தது.

சட்டத்தின் கதவு திறந்தது; காசின் கதவு திறந்ததா? சிவ கேசவன் 16 வயதில், 1998 நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகச் சறுக்குவண்டி ஓட்டினார். பனித்தடம் இல்லாத நம் நாட்டில் அவர் வண்டிக்குச் சக்கரம் மாட்டி இமயமலைச் சாலையில் பழகினார். நம்மிடம் கடல் இருக்கிறது, அலை இருக்கிறது. ஆனால் ஒருநாள் கடலுக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாத வீட்டுப் பிள்ளை எப்படிப் பழகுவான்? எந்தக் காசில் பந்தயத்துக்குப் பயணம் போவான்?

நாம் கேட்பது பிச்சையல்ல. குப்பங்களுக்குப் பொதுப்பணத்தில் பலகையும் பயிற்சியும் வேண்டும். பந்தயத்துக்குப் போகிற நாட்களில் இழக்கும் கூலியை ஈடுசெய்ய வேண்டும். ஆலைத் தோழருக்கும் வயல் தோழருக்கும் விளையாட ஓய்வும் மைதானமும் வேண்டும். விளையாட்டு சீமான்களின் சொத்தல்ல. உழைக்கும் கைகளுக்கும் அதில் பங்கு உண்டு. அந்தப் பங்கைச் சங்கம் கூடிக் கேட்போம்!