இடித்தது புதுசை, காப்பாற்றியது பழசை: கொடுங்கல்லூர் மசூதியில் என்ன நடந்தது?

பழைய பள்ளிவாசலைப் புதுப்பிக்கிறோம் என்றால் வழக்கமாக என்ன நடக்கும்? பழசை இடித்துவிட்டு, பெரிய குவிமாடம், உயரமான மினாரா என்று கான்கிரீட்டில் எழுப்புவார்கள். கேரளாவின் கொடுங்கல்லூரில் நடந்தது நேர் எதிர்.

அங்குள்ள சேரமான் ஜும்ஆ மசூதி கி.பி. 629-ல் மாலிக் பின் தீனார் கட்டியது என்பது மரபு. வரலாற்றாளர்கள் பலர் அந்த ஆண்டை ஏற்பதில்லை. வயசுச் சண்டை இருக்கட்டும். சரிந்த ஓட்டுக்கூரை, மரவேலை, உள்ளே தொங்கும் எண்ணெய் விளக்கு என்று பார்க்க அந்த ஊர்க் கோயில் மாதிரியேதான் இருந்தது அந்தப் பள்ளி. தொழ வருபவர்கள் பெருகினார்கள், இடம் போதவில்லை. 1984-ல் விரிவாக்கிக் கட்டினார்கள். பிறகும் நீட்டினார்கள். கடைசியில் வெளியே நின்றால் குவிமாடமும் மினாராவும்தான் தெரிந்தன. பழைய பள்ளி அதற்குள் மறைந்தே போனது.

முசிறிஸ் பாரம்பரியத் திட்டத்தில் அந்த ஒட்டுக் கட்டடங்களை எடுத்துவிட்டு, ஓட்டுக்கூரை முகத்தை மீட்டார்கள். சரி, அத்தனை பேரும் எங்கே தொழுவது? தரைக்கு அடியில் தொழுகைக்கூடம் கட்டினார்கள். எனக்குப் பிடித்ததே இதுதான். இட நெருக்கடி சாக்குப்போக்கு இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் ரோட்டில் பாய் விரித்துத் தொழுபவரிடம் போய் 'பாரம்பரியம்' என்று மட்டும் பேசினால் எடுபடாது.

இடிந்துபோனதை எழுப்புவது இதைவிடப் பெரிய பாடு. போஸ்னியாவின் பன்யா லூகாவில் 1579-ல் ஒட்டோமான் காலத்தில் கட்டிய பெர்ஹாதியா மசூதியை 1993 மே 7-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இடிபாடுகளைக் குப்பைமேட்டில் கொட்டினார்கள். அந்தக் கற்களைத் தேடி எடுத்து, மறுபடி பொருத்தி, 2016 மே 7-ல் திறந்தார்கள். இடையில் போனது 23 வருஷம்!

நம்ம பக்கம் கதை வேறு. இங்கே வெடிகுண்டு தேவையில்லை, நல்லெண்ணமும் நன்கொடையுமே போதும். கோயில் திருப்பணியில் மணல் வீச்சு அடித்துச் சிற்பத்தின் மூக்கு மழுங்கிய கதை நமக்குப் புதுசா என்ன? பள்ளிவாசல்களிலும் அதே ஆபத்துதான். கீழக்கரை, காயல்பட்டினத்தில் திராவிட பாணிக் கல்தூண்களோடு நிற்கும் பழைய பள்ளிகள் தமிழ் முஸ்லிம்களின் சொந்த வரலாறு. அப்படியொரு தூணில் எனாமல் பெயின்ட் அடிப்பதும், அதை மறைத்து டைல்ஸ் ஒட்டுவதும் ஒரு நாள் வேலை.

முடிவு ஜமாஅத்துடையது, அதில் சந்தேகமில்லை. ஆனால் கான்ட்ராக்டரைக் கூப்பிடும் முன் தூண், கல்வெட்டு, கூரை எல்லாவற்றையும் அளந்து, படம் எடுத்து, பழைய கட்டடம் தெரிந்த ஒரு பொறியாளரிடம் காட்டலாமே. மொத்தப் பட்ஜெட்டில் அந்தச் செலவு தெரியக்கூட தெரியாது.