நிழலைக் கண்டு தீர்ப்பா?

'கட்டி' என்னும் சொல் எம் மக்களிடையே இன்று ஒரு நோய்க்குறியின் பெயராக வழங்கவில்லை. மரண அறிவித்தலாகவே வழங்குகின்றது. ஈரலில் கட்டி என்று கேட்ட மாத்திரத்தே வீட்டில் அழுகுரல் எழுகின்றது. காணி உறுதி ஈட்டுக்குப் போகின்றது. மகளின் கலியாணப் பேச்சு நின்றுவிடுகின்றது. கட்டிகள் அனைத்தும் புற்று அல்ல என்னும் எளிய உண்மை அந்த வீட்டை எட்டவில்லை. இதற்குப் பாமர மக்களின் அறியாமையே காரணம் என்று கூறி ஒதுங்கிக்கொள்வோரை நாம் மறுக்கின்றோம். அறிவைப் பூட்டி வைத்தவர்கள், அறியாதவனைப் பழிப்பது எவ்வகை நியாயம்?

புற்றின் வேடந் தரித்து வரும் தீங்கற்ற ஈரற் கட்டிகள் சில உண்டு. அவற்றுள் அரிதான ஒன்றை இங்கு எடுத்துக்கொள்வோம். அஞ்சியோமயோலிப்போமா என்பது அதன் பெயர். இரத்தக் குழாய், மழமழப்பான தசை, கொழுப்பு ஆகிய மூன்றும் வெவ்வேறு அளவிற் கலந்து உருவாவது அது. 1976இல் இஷாக் என்னும் நோயியல் அறிஞர் ஈரலில் அதனை விவரித்தார். ஆண்களிலும் பார்க்கப் பெண்களிடமே அது மிகுதியாகக் காணப்படுகின்றது. கொழுப்பு நிறைந்திருப்பின் ஸ்கான் படம் பெரும்பாலும் அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். கொழுப்புக் குறைந்திருப்பின், தேர்ந்த கண்ணும் தடுமாறும்.

தடுமாற்றத்தின் காரணம் ஈரலின் இரத்த ஓட்டத்தில் இருக்கின்றது. ஈரலுக்குச் செல்லும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்காற் பங்கை வாயில் நாளமும், எஞ்சியதை ஈரல் நாடியும் கொண்டுசெல்கின்றன. ஈரற் புற்றோ பெரும்பாலும் நாடியின் இரத்தத்தையே உண்டு வளர்வது. ஆகவே நரம்பில் மருந்தேற்றிப் படம் எடுக்கும்போது, புற்று முதலிற் பிரகாசிக்கின்றது. பின்னர் சுற்றியுள்ள ஈரலுக்கு முன்னதாகவே மங்குகின்றது. கொழுப்புக் குறைந்த அஞ்சியோமயோலிப்போமாவும் இவ்வாறே பிரகாசித்து, இவ்வாறே மங்கக்கூடும். நிழல் ஒன்று, பொருள் இரண்டு!

இவ்விரு அறிகுறிகளையும் கொண்டு, தசைத்துண்டு எடுக்காமலே புற்றெனத் தீர்மானிக்கும் விதி மருத்துவத்தில் உண்டு. அமெரிக்கக் கதிரியற் கல்லூரி 2011இல் வெளியிட்ட ஈரற் பட ஒழுங்குமுறையும் இதனை ஏற்றுக்கொண்டுள்ளது. ஆனால் அவ்விதி எல்லோருக்கும் உரியதன்று. ஈரல் இறுகிச் சுருங்கும் சிரோசிஸ் நோயுடையோர், நீடித்த ஹெப்பற்றைற்றிஸ் 'பி' தொற்றுடையோர் போன்ற, புற்று வரும் அபாயம் மிகுந்தவர்களுக்கே அது வகுக்கப்பட்டது. குறையற்ற ஈரலுடைய ஒரு பெண்ணின் படத்தின் மேல் அதே விதியைச் சுமத்துவது விஞ்ஞானமன்று. விஞ்ஞானத்தின் பெயரால் நிகழும் அவசரம்.

அத்தகையவரின் கட்டி இன்னதென்று படத்தால் துணிய முடியாதபோது தசைத்துண்டே பேசவேண்டும். ஊசியால் எடுத்த துண்டை எச்.எம்.பி.-45 என்னும் சாயச் சோதனைக்கு உட்படுத்தினால், அஞ்சியோமயோலிப்போமாவின் கலங்கள் நிறமேற்கும். ஈரற் புற்றின் கலங்கள் ஏற்பதில்லை. இரத்தத்தில் ஆல்பா பீற்றோபுறோட்டீன் அளவு இயல்பாயிருப்பது மட்டும் போதிய சான்றன்று. புற்றுடையோர் பலரிடமும் அது இயல்பாகவே இருப்பதுண்டு.

"ஐயமிருந்தால் வெட்டி எறிவதே நன்று; ஊசி குத்தினாற் புற்றுப் பரவும்" என்போர் உளர். ஊசியின் வழியே புற்றுக் கலங்கள் படியும் அபாயம் உண்மையே. ஆயினும் ஈரற் புற்றில் அது நூற்றுக்கு மூன்றிலும் குறைவென்றே ஆய்வுகளின் தொகுப்பு காட்டியுள்ளது. ஈரலை அறுப்பது மட்டும் அபாயமற்ற விளையாட்டா? மறுபுறத்தே, "தீங்கற்றது" என்ற சொல்லைக் கேட்டதும் வைத்தியசாலைப் பக்கமே போகாதிருப்பதும் பேதைமை. இக்கட்டியும் அரிதாகக் கொடிய குணங் காட்டியதுண்டு. சத்திரசிகிச்சை செய்யாது விட்டாலும் காலந்தோறும் கண்காணிக்கவே வேண்டும். வைத்தியரை நம்பாதீர் என்று நாம் கூறவில்லை. ஐயத்தை ஐயமென்றும் முடிவை முடிவென்றும் நோயாளிக்குப் பிரித்துரைக்குமாறே கேட்கின்றோம்.

எந்த மொழியில் உரைப்பது? இதற்குத் தமிழிற் சொல் இல்லையே என்று கைவிரிப்போருக்கு வரலாறு விடை சொல்லும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் வைத்தியர், மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார்; மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அந்நியர் ஒருவர் அன்று செய்ததை, தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட படித்த வர்க்கம் இன்று செய்ய முடியாதென்பது இயலாமையன்று, மனமின்மை. ஆங்கிலத்தில் அச்சிட்ட அறிக்கையொன்றைக் கையில் திணித்து அனுப்புவதால், பேருந்தில் வீடு திரும்பும் தாய்க்கு எஞ்சுவது அச்சம் ஒன்றே. அந்த அச்சத்தை விலைபேசக் காத்திருப்போரும் எம்மிடையே இல்லாமலில்லை.

இலவச மருத்துவம் எமது நாட்டு மக்கள் பெற்ற பெரும் பேறு. மருந்தும் கட்டிலும் இலவசமானால் மட்டும் போதாது. விளக்கமும் உரிமையாக வேண்டும். "இது புற்றென்று எதைக்கொண்டு சொல்கிறீர்கள்? படத்தைக்கொண்டா, தசைத்துண்டைக்கொண்டா?" என்று ஏழைத் தொழிலாளி தன் மொழியிற் கேட்கவும், அதற்கு மரியாதையான விடை பெறவும் வேண்டும். அவ்வாறு கேட்கக் கற்பிப்பது வைத்தியரின் கடமை மட்டுமன்று. எழுத்தாளரும் ஆசிரியருமாகிய எமது கடமையுமாகும். குற்றவாளிக்குக்கூடச் சாட்சி விசாரணையின்றித் தூக்குத் தண்டனை விதிப்பதில்லை. நோயாளிக்கு மட்டும் ஏன் விதிக்கின்றோம்?