ஊர் வரலாற்றை மூட்டை கட்டாதீர்கள்



எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் உள்ளூர் வரலாற்றுக்கென்று இருந்த அலமாரியைக் காலி செய்து, அதிலிருந்தவற்றைச் சணல் கயிற்றால் கட்டிப் பின்னறையில் அடுக்கிவிட்டார்கள். காரணம் கேட்டால், “எல்லாம் இப்ப நெட்லயே இருக்கு சார், இதையெல்லாம் யார் எடுக்கிறாங்க?” என்கிறார்கள். இப்படி ஓரங்கட்டியவை கடைசியில் பழைய பேப்பர் கடைக்குத்தான் போகும். இதை வன்மையாகக் கண்டிக்கிறேன்.

காலியான அந்த இடம் போட்டித் தேர்வு நூல்களுக்கு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அவற்றை நம்பி எத்தனையோ பிள்ளைகள் நூலகத்துக்கு வருகிறார்கள். ஆனால், எல்லாம் இணையத்தில் இருக்கிறது என்ற பேச்சை ஏற்க முடியாது.

இணையத்தில் நிறையவே இருக்கிறது. வடாற்காடு மாவட்டத்துக்கு ஆர்தர் காக்ஸ் எழுதி 1881-இல் வெளிவந்த மேனுவலின் திருத்திய பதிப்பை வீட்டிலிருந்தே படிக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய நூல்கள் பல கிடைக்கின்றன. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பட்டியல்களை அங்கே கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள். வடாற்காட்டிலிருந்து போனவர்களும் ஏராளம்.

அவர்களுடைய கொள்ளுப்பேரன், கொள்ளுப்பேத்திகள் பூர்விகம் தேடி இங்கே வருகிறார்கள். அப்படி வருபவர்களுக்கு என்னால் ஆன உதவியைச் செய்து வருகிறேன். அவர்கள் கையில் இருப்பது அந்தப் பட்டியலின் ஒரே ஒரு வரி. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பிலுள்ள தழும்பு வரை அதில் இருக்கும். அதற்குமேல் இணையம் உதவாது. வடாற்காடு என்ற ஜில்லா இன்று இல்லை. 1911-இல் சித்தூர்ப் பகுதி பிரிந்தது. 1989-இல் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. 2019-இல் வேலூர் மூன்றாகப் பிரிந்தது. ஒரே பெயரில் நாலைந்து கிராமங்கள் இருக்கும்போது, எந்த ஊர், எந்தத் தெரு, எந்தக் குடும்பம் என்பதை உள்ளூர் ஆவணம்தான் சொல்ல வேண்டும்.

அந்த ஆவணங்கள்தான் இப்போது மூட்டையில் கிடக்கின்றன. பள்ளி நூற்றாண்டு மலர், குடமுழுக்கு மலர், தேவாலய ஆண்டறிக்கை, நெசவாளர் கூட்டுறவுச் சங்க அறிக்கை, திருமண வாழ்த்து மடல் என எல்லாமே உள்ளூர் அச்சகத்தில் கொஞ்சமாக அச்சிட்டவை. இவற்றை யாரும் ஸ்கேன் செய்ததில்லை. ஒரு பள்ளி மலரின் நன்கொடையாளர் பட்டியலில், ஒரு பெயருக்கு எதிரே ‘டர்பன்’ என்று நேட்டால் ஊரின் பெயர் போட்டிருந்தது. அந்த ஒரு வரியை வைத்துத்தான், தொடர்பு அறுந்துபோன ஒரு குடும்பத்தின் உள்ளூர்க் கிளையைக் கண்டுபிடித்தோம். அந்த மலரும் இப்போது அந்தக் கட்டுகளுக்குள் எங்கோ கிடக்கிறது.

இதில் அதிகம் இழப்பவர்கள் ஏழைகள். நிலமுள்ளவர்களுக்குப் பத்திரமும் பட்டாவும் செட்டில்மெண்ட் பதிவேடும் உண்டு. நிலமே இல்லாத கூலிக் குடும்பத்தின் பெயர் அவற்றில் எங்கே வரும்? ஞானஸ்நானப் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பழைய பிறப்பு இறப்புப் பதிவேடு, இத்தகைய மலர்கள் ஆகியவற்றில்தான் வரும். இவற்றைத் தொலைத்தால், ஊரின் பாதிப் பேருக்கு முன்னோர் இருந்ததற்கான சான்றே இல்லாமல் போகும்.

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் 1948-இல் அன்றைய சென்னை மாகாணத்தில்தான் வந்தது. சொத்து வரியில் ரூபாய்க்குப் 10 காசு வீதம் நாம் நூலக வரி கட்டி வருகிறோம். அந்தப் பணத்தில் நடக்கும் நூலகம் தன் ஊரின் நினைவைப் பாதுகாக்காவிட்டால் வேறு யார் பாதுகாப்பார்கள்?

எனவே பொது நூலகத் துறையிடம் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். முதலாவதாக, எந்தக் கிளை நூலகத்திலும் உள்ளூர் வெளியீடுகளைப் பட்டியலிடாமல் கழித்துக் கட்டக் கூடாது. இரண்டாவதாக, அவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் உதவியோடு ஸ்கேன் செய்து பொதுவில் வைக்க வேண்டும். மூன்றாவதாக, ஒவ்வொரு மாவட்ட மைய நூலகத்திலும் ஒரு கணினியோடு குடும்ப வரலாற்றுப் பகுதி அமைத்து, கப்பல் பட்டியலையும் 1951 முதல் வரும் மாவட்டக் குடிக்கணக்குக் கையேடுகளையும் தேடத் தெரிந்த ஒரு நூலகரை அங்கே அமர்த்த வேண்டும்.

பின்னிரண்டுக்கும் நிதி வேண்டும், காலமும் ஆகலாம். முதல் கோரிக்கைக்கு ஒரு சுற்றறிக்கை போதும். அதை இந்த மாதமே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
பழைய வடாற்காடு மாவட்டம்.