ஒரு கடைக்கு எத்தனை செயலிகள் வேண்டும்?

சிறு தொழில் நடத்துவோரின் அன்றாடப் பணிகளில் இன்று புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. பொருளை வாங்குவது, விற்பது, கணக்கு எழுதுவது, வரி செலுத்துவது ஆகியவற்றோடு, அந்தப் பொருளை இணையத்தில் அறியச் செய்வதும் அவர்களுடைய பொறுப்பாகிவிட்டது. அதற்கென விற்கப்படும் மென்பொருள்களுக்கும் பஞ்சமில்லை. மின்னஞ்சல் அனுப்ப ஒன்று, சமூக ஊடகப் பதிவுகளை நேரம் குறித்து வெளியிட ஒன்று, விளம்பரப் படம் வடிவமைக்க ஒன்று, வாடிக்கையாளர் விவரங்களைச் சேமிக்க ஒன்று, இணையதளத்துக்கு வருவோரைக் கணக்கிட ஒன்று என அவை நீள்கின்றன. பெரும்பாலும் முதல் மாதம் இலவசம். பிறகு வரும் மாதச் சந்தாவும் தனியே பார்த்தால் சிறிய தொகைதான். இவற்றுள் எதை வாங்கலாம் என்பதே பொதுவாக எழும் கேள்வி. எதை நிறுத்தலாம் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

காரணம் எளிய கணக்கில் இருக்கிறது. மாதம் 999 ரூபாய் சந்தா உள்ள ஐந்து மென்பொருள்களை ஒரு வணிகர் வைத்திருப்பதாகக் கொள்வோம். மாதத்துக்கு 4,995 ரூபாய். ஆண்டுக்கு 59,940 ரூபாய். அவருடைய நிகர இலாபம் விற்பனையில் பத்து விழுக்காடு என்றால், ஏறத்தாழ ஆறு இலட்சம் ரூபாய் விற்பனையில் கிடைக்கும் இலாபம் முழுவதும் இந்தச் சந்தாக்களுக்கு ஈடாகிவிடுகிறது. 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியை இதில் சேர்க்கவில்லை. கட்டணம் டாலரில் இருந்தால், அந்நியச் செலாவணி மாற்றத்துக்கான கட்டணமும் கூடும்.

இத்தொகை கண்ணில் படாமல் போவதற்கு அது செலுத்தப்படும் முறையும் ஒரு காரணம். இ-மேண்டேட் எனப்படும் தானியங்கிப் பற்றுக்கு ஒருமுறை ஒப்புதல் அளித்துவிட்டால், குறிப்பிட்ட வரம்புக்கு உட்பட்ட சந்தாக்கள் ஒவ்வொரு மாதமும் கடவுச்சொல் கேட்காமலேயே எடுக்கப்படும். இந்த வரம்பை இந்திய ரிசர்வ் வங்கி 2022 ஜூன் மாதத்தில் 5,000 ரூபாயிலிருந்து 15,000 ரூபாயாக உயர்த்தியது. வசதியான ஏற்பாடுதான். ஆயினும், கை வைத்துச் செலுத்தாத பணம் மனத்திலும் பதிவதில்லை. இதற்காகவே, பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் வாடிக்கையாளருக்கு அறிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடுவோரே மிகுதி.

எனவே மென்பொருள் தேர்வைக் கணக்கு அறிக்கையிலிருந்து தொடங்குவது நல்லது. கடந்த 12 மாத அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுச் சந்தாக்கள் ஒரே முறைதான் தென்படும் என்பதால் மூன்று மாத அறிக்கை போதாது. சந்தாக்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். சென்ற மாதம் இதை யார் பயன்படுத்தினார்கள்? இதன் வழியாக வந்த விசாரணை அல்லது விற்பனை எது? நாளை இது இல்லாவிட்டால் எந்த வேலை நிற்கும்? மூன்றுக்கும் விடை இல்லையென்றால் அந்தச் சந்தாவை முடித்துக்கொள்ளலாம்.

முடித்துக்கொள்வதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் அந்த மென்பொருளில் உள்ள வாடிக்கையாளர் விவரங்களை எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ள வேண்டும். அடுத்து அந்நிறுவனத்தின் தளத்தில் சந்தாவை ரத்து செய்ய வேண்டும். இறுதியாக அட்டையிலோ யுபிஐ செயலியிலோ உள்ள தானியங்கிப் பற்று ஒப்புதலை நீக்க வேண்டும். கைபேசியிலிருந்து செயலியை அழித்துவிட்டால் மட்டும் சந்தா நின்றுவிடாது.

அப்படியானால் ஒரு சிறு கடைக்கு எவை போதும்? தேடுவோருக்கு முகவரியும் வேலை நேரமும் தெரிய கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல். வாடிக்கையாளரோடு பேச வாட்ஸ்அப் பிசினஸ். பெயரும் எண்ணும் வாங்கிய பொருளும் பதிந்த, நமது சொந்தக் கணினியில் உள்ள ஓர் எக்செல் பட்டியல். முதல் இரண்டையும் அடிப்படை அளவில் கட்டணமின்றிப் பெறலாம். எத்தனை பேர் அழைத்தனர், எத்தனை பேர் வழி கேட்டனர் என்பதை முதலாவது காட்டுகிறது. பொருள் பட்டியல், விரைவுப் பதில்கள், வாடிக்கையாளரை வகைப்படுத்தும் லேபிள்கள் ஆகியவை இரண்டாவதில் உள்ளன. பலர் இவற்றை முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்காமலேயே கட்டண மென்பொருளுக்குச் செல்கின்றனர்.

மூன்றாவதாகச் சொன்ன பட்டியலே முதன்மையானது. பிறருடைய தளத்தில் நாம் வாடகைக் குடியிருப்போர் மட்டுமே. 2020 ஜூன் மாதம் டிக்டாக் நம் நாட்டில் தடை செய்யப்பட்டபோது, அதில் பல ஆண்டுகள் திரட்டிய பின்தொடர்வோரைச் சிறு விற்பனையாளர்கள் இழந்தனர். பிசினஸ் ப்ரொஃபைல் வழியாக இலவசமாக அமைத்துத் தந்த இணையதளங்களை 2024 மார்ச் மாதத்தில் கூகுள் மூடியது. வாடிக்கையாளர் பட்டியலைக் கையில் வைத்திருப்பவர், தளம் மாறினாலும் தொழிலைத் தொடர முடியும்.

சட்டமும் எளிமையையே வேண்டுகிறது. 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவருடைய விவரங்களைப் பயன்படுத்த அவரது தெளிவான ஒப்புதலை அடிப்படையாக வைக்கிறது. வணிகக் குறுஞ்செய்தி அனுப்புவோர் தம் பெயரையும் செய்தி வடிவத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி நடைமுறையில் உள்ளது. ஐந்து மென்பொருள்களில் ஐந்து பட்டியல்கள் சிதறிக் கிடந்தால், செய்தி வேண்டாம் என்று கூறிய வாடிக்கையாளரை ஐந்திலிருந்தும் நீக்க வேண்டும். ஒன்றில் மறந்தாலும் அவருடைய நம்பிக்கை குறைந்துவிடும்.

வளரும் தொழிலுக்குக் கூடுதல் கருவிகள் தேவைப்படும் என்பதை நாம் மறுக்கவில்லை. நாளொன்றுக்கு இருநூறு விசாரணைகள் வரும் நிறுவனத்தில் ஒரே ஊழியர் கைபேசியில் பதில் அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் தேவை முதலில் வர வேண்டும். கருவி அதன்பின் வர வேண்டும். ஒரு வேலையை மூன்று மாதம் கையால் செய்து பார்த்து, எங்கே நேரம் வீணாகிறது என்பதை அறிந்தபின் அதற்குரிய மென்பொருளை வாங்கினால் ஏமாற்றம் இராது. ஆண்டுச் சந்தாவின் தள்ளுபடிக்கு மயங்காமல், முதலில் மாதச் சந்தாவையே தேர்ந்தெடுக்க வேண்டும். விவரங்களை வெளியே எடுத்துச் செல்ல வழி உண்டா, கடையில் உள்ள ஊழியருக்குப் புரியும் மொழியில் இயங்குகிறதா என்ற இரண்டையும் பணம் கட்டுமுன் பார்க்க வேண்டும். அதை நடத்தும் பொறுப்பு யாருடையது என்பதையும் அன்றே முடிவு செய்துவிட வேண்டும்.

விளம்பரக் கருவிகளுக்கான செலவும் கடை வாடகை, மின்கட்டணம் போன்ற செலவுதான். அவற்றுக்குக் காட்டும் அதே கண்டிப்பை இதற்கும் காட்டுவது முறை. நடப்பு நிதியாண்டு முடியுமுன் ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்கி, சந்தாக்களின் பட்டியலைத் தயாரிக்குமாறு வணிக வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.