மால்டாவின் துறைமுக நகர்

புனித சின்னப்பர் கப்பற்சேதத்தில் தப்பி மூன்று மாதம் தங்கிய மால்டாத் தீவைப்பற்றி அப்போஸ்தலர் பணி நூலில் வாசித்திருக்கிறோம். அத்தீவின் தலைநகரும் பெருந்துறைமுகமுமாக விளங்குவது வலெட்டா. 1565-இல் துருக்கியரின் முற்றுகையை முறியடித்த புனித அருளப்பர் சபை வீரர்களின் தலைவர் லா வலெத், மறு ஆண்டே இதற்கு அடிக்கல் நாட்டினார். பாப்பரசர் ஐந்தாம் பத்திநாதர் லப்பரெல்லி என்ற பொறியாளரை அனுப்பி உதவினார்.

இங்குள்ள அருளப்பர் பேராலயத்தை வெளியே நின்று நோக்கினால் கோட்டையோ என ஐயுறுவோம். உள்ளேயோ பொன்வேலை கண்ணைப் பறிக்கும். தரையெங்கும் அவ்வீரர்களின் சலவைக்கல் கல்லறைகள். மிதித்து நடக்க நம் கால்கள் கூசும். கரவாஜியோ 1608-இல் தீட்டிய ஸ்நாபக அருளப்பரின் சிரச்சேத ஓவியம் இங்கேதான் உள்ளது. அவர் கையொப்பமிட்ட ஓவியம் இது ஒன்றே. அதையும் சிந்திய இரத்தத்திலே எழுதியதாகத் தீட்டியுள்ளார்!

1942-இல் இத்தீவைக் குண்டுவீச்சும் பட்டினியும் ஒருங்கே வாட்டின. ஆகஸ்டில் உணவும் எண்ணெயும் ஏற்றிப் புறப்பட்ட 14 கப்பல்களில் 5 மட்டுமே கரை கண்டன. அவற்றுள் இறுதியாக, மூழ்கும் நிலையிலிருந்த 'ஓஹையோ' எண்ணெய்க் கப்பல், இருபுறமும் போர்க்கப்பல்கள் தாங்கிவர, தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று துறைமுகத்துள் நுழைந்தது. மால்டா மக்கள் அக்கப்பல் அணியை இன்றும் 'சாந்தா மரியா' என்றே அழைக்கின்றனர்.