போய்விட்டு வருகிறேன்!

"பெண்ணை ஜப்பானுக்கு அனுப்பியதுகூடப் பெரிதில்லை. கிளம்புகிற சமயத்தில் 'போறேன் அம்மா' என்று சொல்லிவிட்டாளே!" என்று என் மன்னி ஒன்றரை மாத காலம் புலம்பித் தீர்த்தாள்.

நேயர்களே, சிரிக்காதீர்கள். கறிகாய்க் கடைக்குப் போனாலும் சரி, காசிக்குப் போனாலும் சரி, நம் வீடுகளில் வாசற்படி தாண்டுகிறவர்கள் 'போய்விட்டு வருகிறேன்' என்றுதான் சொல்ல வேண்டும். விமான நிலையத்தில் அந்தப் பெண் பெட்டியைப் பார்ப்பாளா, பாஸ்போர்ட்டைப் பார்ப்பாளா? ஏதோ வாய் தவறிவிட்டது. ஆனால் பெற்ற வயிறு கேட்கிறதா?

என் அண்ணா பெண் டில்லியில் ஜப்பானிய பாஷையை எடுத்துப் பி.ஏ. படிக்கிறவள். ஜப்பான் அரசாங்கம் 1954ஆம் ஆண்டு முதல் வெளிநாட்டு மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் கொடுத்து வருகிறது. தங்கள் நாட்டுக் கல்லூரியில் ஜப்பானிய பாஷையையே முக்கிய பாடமாகப் படிப்பவர்கள், சுமார் ஒரு வருஷம் அங்கே போய்ப் படித்து வர அதில் தனியாக ஒரு பிரிவு உண்டு. அது இவளுக்குக் கிடைத்தது. பணக் கவலை விட்டது. மனக் கவலை பிடித்துக்கொண்டது!

வருஷம் முடிந்து திரும்பி வந்தவளைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன்: "ஏண்டி, அந்தப் பாஷை அவ்வளவு கஷ்டமா?"

"எழுத்துதான் கஷ்டம், அத்தை" என்றாள்.

ஹிரகானா, கதகானா என்று இரண்டு வகை எழுத்துக்கள். ஒவ்வொன்றிலும் அடிப்படை எழுத்து 46. இவற்றைச் சில வாரங்களில் பழகிவிடலாம். அப்புறம்தான் இருக்கிறது வேடிக்கை. சீனத்திலிருந்து வந்த காஞ்ஜி எழுத்துக்கள்! அன்றாட உபயோகத்துக்கென்று 2010இல் அரசாங்கம் திருத்தி வெளியிட்ட பட்டியலில் மட்டும் 2,136 இருக்கின்றன. மரத்துக்கு ஓர் எழுத்து. அதையே இரண்டு முறை எழுதினால் தோப்பு. மூன்று முறை எழுதினால் காடு. கூரையின் கீழே ஒரு பெண்ணை எழுதினால் 'நிம்மதி' என்று பொருள். அதே எழுத்துக்கு 'மலிவு' என்றும் ஒரு பொருள் உண்டாம். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெண்ணைப்பற்றி உலகம் முழுவதும் ஒரே அபிப்பிராயம்தான் போலிருக்கிறது!

"ஆனால் பேசுகிறபோது நம் வீட்டுப் பேச்சு மாதிரியே இருக்கும்" என்றாள். நம்மைப் போலவே அவர்களும் வினைச்சொல்லைக் கடைசியில்தான் வைக்கிறார்கள். 'தபேதே' என்றால் சாப்பிட்டு. 'மிரு' என்றால் பார்ப்பது. 'தபேதே மிரு' என்றால் சாப்பிட்டுப் பார்ப்பது! சாப்பாட்டைக் கண்ணால் எப்படிப் பார்ப்பது என்று வகுப்பில் இருந்த அமெரிக்கப் பையன் தலையைப் பிய்த்துக்கொண்டானாம். இவளுக்கோ சிரிப்பு.

இந்த ஒற்றுமையை வைத்து, தமிழுக்கும் ஜப்பானிய பாஷைக்கும் உறவு உண்டு என்று ஸுஸுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் நூல்கள் எழுதினார். மொழியியலார் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, படிக்கப் போகும் தமிழ்ப் பெண்ணுக்கு லாபம்தான்.

"அப்படியானால் கஷ்டமே இல்லை என்று சொல்லு!"

அவள் முகம் சற்று வாடியது.

கியோட்டோ நகரில் விடுதி வாசம். நவம்பர் மாதம் அங்கே மேப்பிள் மரங்களின் இலைகள் சிவக்கும். தோஃபுகுஜி கோயிலில் அதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். உடன் படிக்கும் ஜப்பானியப் பெண்ணை, "ஞாயிற்றுக்கிழமை போகலாமா? ஸ்டேஷனில் காத்திருக்கிறேன்" என்று அழைத்திருக்கிறாள். அந்தப் பெண் சிரித்த முகத்தோடு, "ஞாயிற்றுக்கிழமை ச்சொத்தோ..." என்று இழுத்தாளாம். 'ச்சொத்தோ' என்றால் 'கொஞ்சம்'. கொஞ்சம் என்ன? வாக்கியம் முடியவே இல்லை. இவள் ஸ்டேஷனில் ஒரு மணி நேரம் காத்திருந்தாள். யாரும் வரவில்லை.

"அது மறுப்பு என்று புத்தகத்தில் படித்திருந்தேன், அத்தை. ஆனால் அத்தனை அன்பாய்ச் சிரித்துவிட்டு வரமாட்டாள் என்று தோன்றவே இல்லை."

"நம் ஊரில் 'பார்க்கலாம்' என்று சொன்னால் மட்டும் என்ன அர்த்தமாம்?" என்றேன்.

"அது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லையே!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு விடுதிக்குத் திரும்பியிருக்கிறாள். விடுதியைப் பார்த்துக்கொள்ளும் வயதான அம்மாள், வழக்கம்போல் "ஒகாயெரி" என்றாள். வீடு திரும்புகிறவர்களை வரவேற்கும் வார்த்தை அது. இத்தனை நாளும் கூச்சத்தில் தலையை மட்டும் குனிந்துவிட்டுப் போனவள், அன்று முதல் தடவையாக "ததைமா" என்று பதில் சொன்னாள். 'வந்துவிட்டேன்' என்று அர்த்தம். அந்த அம்மாள் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே அழைத்து ஒரு கிண்ணம் தேநீர் கொடுத்தாள்.

மறுநாள் காலை கிளம்பும்போது, வாய்விட்டு "இத்தெ கிமஸ்" என்றாள். "இத்தெராஷ்ஷாய்!" என்று பதில் வந்தது. இரண்டு வருஷமாக மனப்பாடமாகச் சொன்ன வார்த்தைதான். காமோ நதிக்கரையில் நடக்கும்போதுதான் சட்டென்று உறைத்தது. 'இத்தெ' என்றால் போய். 'கிமஸ்' என்றால் வருகிறேன். போய் வருகிறேன்! அந்த அம்மாள் சொன்ன பதில், போய் வா!

அங்கேயே நின்று வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள். அங்கே மணி எட்டரை. இங்கே விடியற்காலை ஐந்து. மன்னி பதறிப்போய் எடுத்தாள்.

"அம்மா, போய்விட்டு வருகிறேன்."

"என்னடி இது, போய் ஒன்றரை மாசம் ஆச்சே!"

"அன்றைக்குச் சொல்ல விட்டுப்போனதை இன்றைக்குச் சொல்கிறேன்."

மன்னி ஒரு நிமிஷம் பேசவில்லையாம். பிறகு, "மகராஜியாய்ப் போய்விட்டு வா" என்றாளாம். அதற்கப்புறம் புலம்பல் நின்றது.

பெண்ணை அனுப்ப நினைக்கும் தாய்மார்களுக்கு இரண்டு வார்த்தை. ஜப்பானிய பாஷைத் தேர்வில் ஐந்து படிகள். என்5 கீழ்ப்படி, என்1 மேல்படி. சென்னையிலேயே எழுதலாம். சைவக்காரர்கள் வீட்டுப் பெண்ணானால் 'தாஷி' என்ற வார்த்தையை முதலில் கற்றுக்கொள்ளட்டும். பெரும்பாலும் மீன் கருவாட்டில் இறக்கும் சாறு அது. காய்கறி சூப்பில்கூட ஒளிந்திருக்கும். மூன்றாவதாக ஒன்று: வாசலில் யாராவது 'வந்தாயா?' என்று கேட்டால், தலையை ஆட்டிவிட்டுப் போகாமல் வாயைத் திறந்து பதில் சொல்லட்டும். அந்தப் பதிலில்தான் அந்நிய ஊர் கொஞ்சம் வீடாகிறது.

மன்னி இப்போது கறிகாய் வாங்கக் கிளம்பும்போதுகூட "இத்தெ கிமஸ்" என்கிறாள். அண்ணாதான் பாவம், பதில் தெரியாமல், "பையை எடுத்துக்கொண்டாயா?" என்று கேட்கிறார்!